மஞ்சள் கதவை மூடு

பதுளைக்கு இடமாற்றம் கிடைத்து வந்து கொஞ்சக் காலத்துக்குப் பிறகு, கொழும்பில் சிறிய பதிப்பகம் ஒன்றை நடத்துகிறவர் தொலைபேசியில் அழைத்து, ஒரு ஆங்கில நாவலைத் தமிழாக்கித் தர முடியுமா என்று கேட்டார். அதற்கு முன் அவருக்குச் சில சிறுகதைகளை மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தேன். "கஷ்டமான இங்கிலீஷ் இல்லை டீச்சர், எல்லாம் பேச்சு நடைதான்" என்றார். பேச்சு நடைதான். அதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

இணையம் புதிதாகப் பரவி, ஆளாளுக்குக் கம்பனி தொடங்கிய காலத்தில் நடக்கும் கதை அது. அமெரிக்க நகரம் ஒன்றில் சில இளைஞர்கள் சேர்ந்து ஒரு கம்பனி நடத்துகிறார்கள். உங்கள் தெருவில் மழை வரப்போகிறது என்று மின்னஞ்சலில் முன்கூட்டியே சொல்லி, கையோடு குடையையும் விற்பது அவர்களுடைய வியாபாரம். அலுவலகத்திலேயே சாப்பிடுகிறார்கள், அலுவலகத்திலேயே தூங்குகிறார்கள், முழுக்க முழுக்கக் கணினிக்காரர்களின் குழூஉக்குறியிலும் தொலைக்காட்சித் தொடர்களின் பகிடிகளிலும் பேசிக்கொள்கிறார்கள். கடைசியில் கம்பனி முறிந்துபோகிறது.

ஹாலிஎல போகும் வீதியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தேன். கீழே வீட்டுக்காரம்மா. தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற கணவரை இழந்தவர். மகள் கொழும்பில். நானும் தனி, அவரும் தனி. ஆனால் இரண்டு தனிமைகளும் ஒன்றோடொன்று அதிகம் பேசிக்கொள்வதில்லை. காலையில் "டீச்சர், தண்ணி வருது, புடிச்சு வச்சுக்கங்க" என்பார். மாலையில் "கேட்டைச் சாத்திட்டீங்களா?" என்பார். இரண்டுக்கும் நடுவே எனக்குப் பாடசாலை. பாடசாலை விட்டு வந்தால் நாவல்.

நாவலில் ஒருவன் தன் காதலியிடம், உன்னை நேசிக்க எனக்கு பேண்ட்வித் இல்லை என்கிறான். இணைய இணைப்பு ஒரே நேரத்தில் கொண்டுபோகக்கூடிய தகவலின் அளவு அது. கலைச்சொல் அகராதி 'பட்டை அகலம்' என்றது. 'உன்னை நேசிக்க எனக்குப் பட்டை அகலம் போதாது' என்று எழுதி வாசித்துப் பார்த்தேன். மரக்காலையில் பலகை வாங்கப் போனவனுடைய பேச்சைப் போல இருந்தது. இன்னொருத்தி தன் அப்பாவை 'நானூற்றி நாலு' என்கிறாள். தேடிய பக்கம் கிடைக்காவிட்டால் திரையில் தோன்றும் எண் அது. அப்பா வீட்டில் இருந்தும் இல்லாதவர் என்று அவள் சொல்ல வருகிறாள். எங்கள் பாடசாலையின் கணினி ஆசிரியரிடம் கேட்டேன். இளம் பிள்ளை. நானூற்றி நாலு அவருக்குத் தெரிந்திருந்தது. மோடம் தொலைபேசிக் கம்பியில் கீச்சிட்டு இணையத்தோடு சேர்வதைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது, அதை வாசித்துவிட்டு, "மிஸ், இப்படியெல்லாமா சத்தம் போட்டுச்சு?" என்று என்னையே கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்? நாவலின் ஆட்களும் நானும் ஒரே வயதுக்காரர்கள். சர்வர் விழுந்துவிட்டது என்று அவர்கள் அலறிக்கொண்டிருந்த வருடங்களில், நாங்கள் போரில் தென்மராட்சியிலிருந்து இடம்பெயர்ந்து வடமராட்சியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் இருந்தோம். மின்சாரம் இல்லை, தொலைக்காட்சி எங்கே இருக்கும்? அவர்கள் ஒரு தொடரின் வசனத்தைப் பாதியில் நிறுத்த, மற்றவன் மீதியைச் சொல்ல, எல்லாரும் சிரிக்கிறார்கள். ஒரு தலைமுறைக்கே பொதுவான சிரிப்பு அது. நான் அந்தத் தலைமுறைதான். ஆனால் அந்தச் சிரிப்பில் எனக்குப் பங்கில்லை. ஒவ்வொரு பகிடிக்கும் இணையத்தில் தேடி விளக்கம் கண்டுபிடித்து அடிக்குறிப்பு எழுதினேன். சில பக்கங்களில் கதையைவிட அடிக்குறிப்பு நீளமாகிவிட்டது. விளக்கம் தெரிந்த பிறகும் ஒன்றுக்குக்கூட எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரேயொரு பகிடிக்கு விளக்கமே கிடைக்கவில்லை. கம்பனியில் ஏதாவது கெட்டுப்போனால் யாராவது ஒருவன் "மஞ்சள் கதவை மூடு" என்பான். உடனே எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நாவல் முழுக்க இது வருகிறது. எந்தத் தொடர், எந்த விளம்பரம், எந்தப் பாட்டு என்று எங்கே தேடியும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் நாவலாசிரியருக்கே மின்னஞ்சல் எழுதினேன்.

ஒரு வாரம் போல் கழித்துப் பதில் வந்தது. உரிமைப் பேச்செல்லாம் முகவரோடு முடிந்திருந்ததால், தன் நாவல் தமிழுக்குப் போவது அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்று முதலில் நினைத்தாராம். அந்த நாவலுக்குப் பிறகு அவர் வேறு புத்தகம் எழுதவில்லை. மஞ்சள் கதவைப் பற்றி இப்படி எழுதியிருந்தார்: "எனக்கு நினைவில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒன்று என்றுதான் எழுதினேன். இன்று யாரைக் கேட்டாலும் தெரியாது என்கிறார்கள். விருப்பமென்றால் வீடியோவில் பேசுவோமா?"

ஞாயிறு காலையில் பேசினோம். அவருக்கு அது சனி மாலை. வீட்டுக்காரம்மா வெள்ளைச் சேலை உடுத்து, "டீச்சர், சர்ச்சுக்குப் போறேன், வர பதினொண்ணு ஆயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனதும் வீடு முழுக்க எனக்குத்தான். மாடிப்படி ஜன்னலருகில்தான் சிக்னல் நன்றாக இருக்கும். படியில் உட்கார்ந்து கைபேசியை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்தேன். திரையில் நரைத்த தாடியோடு ஒரு மனிதர். பின்னால் வெறும் சுவர்.

அன்று மூன்று சொற்களைக் கேட்க நினைத்திருந்தேன். கேட்டு முடித்த பிறகும் அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அந்தக் கம்பனி உண்மையில் இருந்ததென்றும், கதையில் வருகிறவர்கள் அவருடைய கூட்டாளிகளென்றும் சொன்னார். "இப்போதும் பழகுகிறீர்களா?" என்று கேட்டேன். "இல்லை. நாங்கள் சொன்ன பகிடிகள்தான் நாங்கள். அவை பழசானதும் எங்களுக்குப் பேச ஒன்றும் இருக்கவில்லை" என்றார். பிறகு, அடுத்த ஞாயிறும் சந்தேகம் இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றேன்.

உண்மையில் சந்தேகங்கள் தீர்ந்துகொண்டு வந்தன. ஞாயிற்றுக்கிழமைக்காகச் சிலவற்றைத் தேடாமல் மிச்சம் பிடித்து வைக்கத் தொடங்கினேன். அவரும் ஒரு சொல்லுக்கு விளக்கம் சொல்ல அரை மணித்தியாலம் எடுத்துக்கொண்டார். ஒருநாள், கதை நடந்த வருடங்களில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். மண்டபத்தைப் பற்றிச் சொன்னேன். பாய்களுக்கு நடுவே சேலையைக் கட்டி ஒவ்வொரு குடும்பமும் மறைத்துக்கொண்டதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். வருந்துகிறேன் என்ற வழமையான வார்த்தையைச் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்தக் கிழமைதான் ரொறன்ரோவிலிருக்கும் என் அக்காவை அழைத்தேன். இடம்பெயர்வுக்கு முன்பே அவள் கனடா போய்விட்டாள். அவளோடு பேசுவது எப்போதும் அவசரப் பேச்சுத்தான். வேலைக்குப் போகிறேன், பஸ் வருகிறது, பிறகு எடுக்கிறேன் என்று முடிந்துவிடும்.

"அக்கா, அந்த நேரம் நீ அங்கதானே இருந்தனீ. மஞ்சள் கதவை மூடு எண்டு டிவியில ஏதும் வந்ததோ?"

"எந்த நேரம்?"

"உந்த இன்ரநெற் கம்பனியள் எல்லாம் தொடங்கின நேரம்."

அவள் சிரித்தாள். "நான் எங்கயடி டிவி பாத்தனான்? பகல் முழுக்க பேக்கரியில. பின்னேரத்தில இருந்து கிளீனிங். அப்பிடியான கம்பனி ஒண்டிலதான் குப்பை வாளி எடுத்தனான்."

எனக்கு இது தெரியாது. அக்கா பேக்கரியில் வேலை செய்தது மட்டுந்தான் அம்மாவுக்கும் எனக்கும் தெரியும்.

"நீ ஒருநாளும் சொல்லேல்லை."

"என்னத்தைச் சொல்லுறது? பெடியள் மேசைக்குக் கீழ நித்திரை கொள்ளுவினம். எழுப்பிப்போடாமல் வெக்கியூம் பிடிக்கவேணும். பீட்ஸாப் பெட்டி மலை மாதிரிக் கிடக்கும். என்னவோ சொல்லிச் சொல்லிச் சிரிப்பினம். எனக்கு அப்ப இங்கிலீஷ் அவ்வளவு விளங்காது. என்னைப் பாத்துத்தான் சிரிக்கினமாக்கும் எண்டு நினைச்சு ஒருநாள் பாத்றூமுக்குள்ள போய் நிண்டு அழுதிட்டன். பிறகு ஒருநாள் போனா, கதிரை மேசை ஒண்டும் இல்லை. கம்பனியே இல்லை. எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

அன்று அவள் பிறகு எடுக்கிறேன் என்று சொல்லவில்லை. அவளுடைய பஸ் வந்து போயிற்று. அடுத்த பஸ் வரும்வரை பேசினோம். தொலைபேசியை வைத்துவிட்டு, ஏற்கனவே மொழிபெயர்த்து முடித்திருந்த ஒரு பக்கத்தைத் தேடி எடுத்தேன். சர்வர் விழும் அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு வரி இருந்தது: துப்புரவு செய்யும் பெண் வந்தாள், யாரும் நிமிரவில்லை. நாவலிலேயே சுலபமான வரி அது. குழூஉக்குறி இல்லை, பகிடி இல்லை, அடிக்குறிப்புத் தேவையில்லை. ஒரு மூச்சில் எழுதிவிட்டுப் போயிருக்கிறேன்.

ஞாயிறன்று அவரிடம் கேட்டேன். "அந்தப் பெண் யார்?"

எந்தப் பெண் என்று கேட்டார். பக்கத்தைச் சொன்னேன். தன் பிரதியை எடுத்து வந்து வாசித்தார். "ஒருவர் வருவார். ஆசியப் பெண்மணி என்று நினைக்கிறேன். பெயர் தெரியாது."

"என் அக்காவும் அப்படியொரு கம்பனியில் வேலை செய்திருக்கிறாள். வேறு ஊர்தான். இந்த வாரம்வரை எனக்கே தெரியாது."

அவர் பிரதியை மூடி வைத்தார். பிறகு, "தமிழில் அவளுக்கு இன்னும் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். என் அனுமதி உண்டு" என்றார்.

"புத்தகத்தில் இல்லாததை நான் சேர்க்க முடியாது" என்றேன்.

"நானாவது எழுதித் தரட்டுமா?"

"அவளைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?"

ஒன்றும் தெரியாது என்றார். அந்த வரி அப்படியே இருக்கிறது.

மொழிபெயர்ப்பு முடிந்து அனுப்பியதும், பதிப்பாளர் அடிக்குறிப்புகளைப் பார்த்துப் பதறிவிட்டார். "டீச்சர், இது நாவலா, பாடப் புத்தகமா?" என்றார். பாதிக்கு மேல் வெட்டினோம். பேண்ட்வித்தும் சர்வரும் மோடமும் அப்படியே தமிழ் எழுத்தில் நின்றன. மஞ்சள் கதவுக்குக் கடைசிவரை விளக்கம் கிடைக்கவில்லை. நாவலாசிரியர் தன் பழைய கூட்டாளி ஒருவனுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். அது நீ கொண்டுவந்த பகிடிதானே என்று பதில் வந்ததாம். அவரோ அந்தக் கூட்டாளிதான் கொண்டுவந்தான் என்று இத்தனை காலமும் நினைத்திருக்கிறார். ஆளையாள் பார்த்து, மற்றவனுக்குத் தெரியுமென்று நம்பிச் சிரித்திருக்கிறார்கள். அதையும் விளக்கமில்லாமலே விட்டேன்.

புத்தகம் அச்சுக்குப் போன ஞாயிறு, தமிழில் ஒரு பக்கம் வாசித்துக் காட்டச் சொன்னார். தேவாலயத்துக்குப் போன வீட்டுக்காரம்மா இன்னும் திரும்பியிருக்கவில்லை. படியில் உட்கார்ந்து முதல் அத்தியாயத்திலிருந்து ஒரு பக்கம் வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தமிழ் அவருக்கு வெறும் சத்தம்தான். திடீரென்று "மோடம்!" என்றார். இரண்டு வரி கழித்து "சர்வர்!" என்றார். வழி தவறிப்போனவர் தெரிந்த முகத்தைக் கண்டதுபோல், ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் முகம் மலர்ந்தது. நான் படாதபாடு பட்ட சொற்கள்தான் அவருக்கு விளங்கின. நடுவிலிருந்த என் தமிழ் முழுவதும், மாதக்கணக்கில் எழுதித் திருத்திய ஒவ்வொரு வாக்கியமும், ஒரு சொல்லிலிருந்து மறு சொல்லுக்குப் போகும் வழியாக அவருக்குக் கேட்டிருக்கும். வாசித்து முடித்ததும் நீர் கோத்த கண்ணோடு நன்றி சொன்னார். நானும் சொன்னேன். இருவருக்கும் அதற்குமேல் கேட்க ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

அதன் பிறகு ஒரு ஞாயிறு பேசினோம். காலநிலை பற்றிப் பேசினோம். மறு ஞாயிறு அவர் மகள் வீட்டுக்குப் போவதாக எழுதினார். பிறகு நானும் அழைக்கவில்லை, அவரும் அழைக்கவில்லை. கோபமில்லை, வருத்தமும் இல்லை. பாடம் முடிந்ததும் வகுப்பு கலைவதுபோல் கலைந்துவிட்டது.

புத்தகம் வந்தபோது ஒன்றை வீட்டுக்காரம்மாவுக்குக் கொடுத்தேன். அட்டையைத் தடவிப் பார்த்து, "நீங்களா எழுதுனீங்க?" என்றார். "இல்லையம்மா, தமிழில மாத்தினனான்." "அதுவும் எழுதுறதுதானேங்க" என்று கண்ணாடி அலுமாரிக்குள் நிறுத்தி வைத்தார். ஒன்றிரண்டு பக்கம் வாசித்திருக்க வேண்டும். "எனக்கு ஒண்ணும் புரியல டீச்சர். ஆனா மழையப் பத்தி வருது" என்றார் பிறகொரு நாள்.

ஞாயிறு காலைகள் திரும்பவும் வெறுமையாகிவிட்டன. படியில் உட்கார்ந்தால் ஜன்னலுக்கு வெளியே யூக்கலிப்டஸ் மரங்கள் மட்டும் தெரியும். கீழே சுவர்க்கடிகாரம் கேட்கும். ஒரு ஞாயிறு அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாமல் ரயிலேறி அப்புத்தளைக்குப் போனேன். வேலை எதுவும் இல்லை. நிலையத்துக்கு வெளியே முகில் மூடியிருந்தது. கடையொன்றில் தேநீரும் வடையும் சாப்பிட்டுவிட்டுத் தெருவின் அந்தம்வரை நடந்து திரும்பினேன். எங்கும் யாரும் என்னைத் தெரிந்தவர்களில்லை. பிற்பகல் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது அக்கா அழைத்தாள். அவளுக்கு அப்போதுதான் விடிந்திருக்கும்.

"எங்க நிக்கிறாய்? ஒரே சத்தமாக் கிடக்கு."

"ரயிலில. சும்மா அப்புத்தளைக்குப் போட்டு வாறன்."

"தனியவோ?"

"ஓம்."

"சாப்பிட்டியோ?"

சாப்பிட்டேன் என்று சொல்வதற்குள் ரயில் சுரங்கத்துக்குள் புகுந்துவிட்டது. வெளிச்சத்துக்கு வந்ததும் திரும்ப அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலைக்குள் போயிருப்பாள். கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, ஹாலிஎல வரும்வரை தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதுளையில் இறங்கியபோது மழை தொடங்கியிருந்தது.