யாரைக் கூப்பிடுவது

அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அன்றைக்கே, கோவிலம்பாக்கத்திலிருந்து அண்ணனைப் பெருங்களத்தூரிலுள்ள என் ஃபிளாட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். அண்ணனுக்கு வயது முப்பத்தாறு. ஆட்டிசம். பேச்சென்றால் நாலைந்து சொற்கள்தான். அதுவரை அவனைப் பார்த்துக்கொண்டதெல்லாம் அம்மா. அவன் எந்தத் தட்டில் சாப்பிடுவான் என்பதுகூட எனக்குத் தெரியாது.

மாற்றுத்திறனாளிகளின் குடும்பங்களுக்கு உதவும் ஒரு நிறுவனம் தாம்பரத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். போன் செய்தேன். எடுத்த பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பகல்நேர மையம் ஒன்றின் நம்பரையும், வீட்டுக்குத் துணையாள் அனுப்பும் இடத்தின் நம்பரையும் கொடுத்தாள். "நீங்களே பேசிப் பாருங்கக்கா. முடியலைன்னா சொல்லுங்க" என்றாள். நம்பர் கொடுக்கவா இவ்வளவு நேரம் கதை கேட்டாள் என்று எரிச்சலாக வந்தது.

முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடுவதற்கிடையில் யாரிடம் பேசுவது? மறுபடி கூப்பிட்டதும் அந்த நிறுவனத்திலிருந்து ஒரு மேடம் நேரிலேயே வந்தார். மையத்தோடு அவரே பேசி இடம் வாங்கினார். வேன் ஏற்பாடு செய்தார். துணைக்கு ஓர் அக்கா வந்தார். ஒரு வாரம் மூச்சுவிட்டேன்.

அப்புறம்தான் அண்ணன் முஷ்டியால் தன் கன்னத்தில் குத்திக்கொள்ள ஆரம்பித்தான். சத்தம் கீழ்வீடு வரை கேட்டது. சாப்பாட்டைத் தள்ளிவிட்டான். வேனில் ஏற்ற வந்தவரின் கையைக் கடித்தான். மையத்தில், "கொஞ்ச நாள் அனுப்பாதீங்க" என்றார்கள். துணைக்கு வந்த அக்காவும், "பயமா கீதும்மா, தப்பா நினைச்சுக்காத" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவன் "அம்மா, அம்மா" என்றபடியே இருந்தான். அம்மாவைத் தேடுகிறான் என்றே எல்லோரும் நினைத்தோம். அவனை வழக்கமாகப் பார்க்கும் மனநல டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். தூங்கினான். எழுந்ததும் மறுபடி குத்திக்கொண்டான். கன்னம் கன்றிப்போயிருந்தது.

கீழ்வீட்டு சார் கதவைத் தட்டினார். "குழந்தைங்க இருக்கிற பில்டிங்மா. ஞாயித்துக்கிழமை அசோசியேஷன் மீட்டிங்ல இதைப் பேசத்தான் போறோம்." நான் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அந்தச் சத்தம்.

மேடத்துக்கு போன் போட்டேன். "இது என் அளவுல முடியாதும்மா. இந்த மாதிரி சமயத்துக்குன்னே எங்ககிட்ட ஒரு சார் இருக்கார். அவரை அனுப்பறேன்" என்றார். கைகழுவுகிறார் என்று தோன்றியது. போனிலேயே கத்திவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அந்த சார் வந்தார். உளவியல் படித்தவர். அண்ணனிடம் எதுவும் பேசாமல் எதிர்ச்சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பவும் இடது கன்னம்தானா?"

யோசித்துப் பார்த்தேன். "ஆமா சார்."

"சில்லுனு கொஞ்சம் தண்ணி கொடுங்க."

ஒரு வாய் குடித்ததும் அண்ணன் டம்ளரை வீசியெறிந்துவிட்டுக் கன்னத்தைப் பொத்திக்கொண்டான்.

"முதல்ல பல்லைப் பார்ப்போம்" என்றார் சார்.

அண்ணன் வாயைத் திறக்க விடவே மாட்டான். மயக்க மருந்து கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். அவன் சாப்பிடும் மாத்திரைகளோடு அது சரிப்படுமா என்று பல் டாக்டரையும் மயக்க மருந்து டாக்டரையும் மனநல டாக்டரையும் ஒரே போன் காலில் இணைத்துப் பேச வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்குக்கும் கூடவே வந்தார். "வலியில துடிக்கிறவரை வெளிய அனுப்பணுமா? ரெண்டு வாரம் கொடுங்க" என்றார். சரி என்று சொல்லாமலே அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருந்தேன். பல்தான் காரணம் என்று யாருக்கு நிச்சயம்? இல்லையென்றால் அடுத்து எங்கே போவது? வெளியே வந்த டாக்டர், "கடைவாய்ப் பல்லுக்கு அடியில சீழ். பல்லை எடுத்துட்டோம். எப்படித்தான் தாங்கினாரோ" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்த வாரத்திலேயே குத்திக்கொள்வது நின்றது. சார் விடைபெற்றார். மேடம் வருவதும் குறைந்தது. தனியாக விட்டுவிட்டார்களே என்று முதலில் பயந்தேன். ஆனால் எங்களுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் கூட நின்றிருக்கிறார்கள். முதலில் போனில் பேசிய அந்தப் பெண் நம்பர் மட்டும் கொடுத்ததும் அலட்சியத்தால் அல்ல.

மையத்தில் வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அம்மா வாக்கர் பிடித்தபடி எங்களோடு இருக்கிறாள். மீதி நாட்களுக்கு யார் என்று நானும் அவளும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.