ஒற்றை ஆளாக ரஜாய் உறை மாட்டும் வழி

காலையில் ராஜாமணி அக்கா நம்பரிலிருந்து போன். "சொல்லுங்கக்கா" என்றேன். பேசியது அக்கா இல்லை.

அவர் குடியிருந்த வீட்டு ஓனரம்மா. "ஏனுங்க, ராஜாமணி எறந்துட்டாங்க. போன்ல கடைசியா உங்க நம்பர்தான் இருந்துச்சு... அதான் கூப்பிட்டேன்."

தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

தெரியாதவர்களுக்காக... ஊட்டியில் நான் ரிசப்ஷனில் இருக்கும் லாட்ஜில், ரூம்களைச் சுத்தம் செய்து படுக்கை விரித்தவர் ராஜாமணி அக்கா. பதினெட்டு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். மூட்டு வலி தாங்காமல் இரண்டு வருடம் முன்புதான் நின்றார்.

நான் பெர்ன்ஹில்லில் ஒரு ரூம் எடுத்துத் தனியாக இருப்பவள். கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகுதான் இந்த வேலைக்கே வந்தேன். இதில் மறைக்க ஒன்றும் இல்லை, லாட்ஜில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு டிசம்பரில் அக்காவிடம் புலம்பினேன். லாட்ஜில் கழித்துவிட்ட பழைய ரஜாய், அதான் பஞ்சு அடைத்த கனத்த போர்வை, ஒன்று என்னிடம் இருந்தது. காலையில் எழுந்தால் உறைக்குள் ரஜாய் முழுவதும் காலடியில் மூட்டையாகச் சுருண்டு கிடக்கும். நெஞ்சுக்கு மேல் வெறும் உறைத் துணி. ஊட்டிக் குளிரில்!

"உள்ள நாடா கட்டுனியா?"

"என்ன நாடா?"

கையிலிருந்த பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார் அக்கா. "இத்தன வருசமா வெறுந்துணியப் போத்திட்டா தூங்குன? ரிசப்ஷன்ல மட்டும் நல்லா இங்கிலீஸ் பேசு..."

உறையைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் நான்கு மூலையிலும் சின்னச் சின்ன நாடா. அதைக் கட்டிக்கொள்ள ரஜாயின் மூலைகளில் வளையம். நாற்பத்தாறு வயதில் முதன்முதலாகப் பார்க்கிறேன். "எக்ஸ்ட்ரா ரஜாய் வேணுங்களா சார்" என்று தினம் பத்துப் பேரிடம் கேட்பவள் நான்.

ஒற்றை ஆளாக மாட்டவும் ஒரு வழி காட்டினார். உறையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, நாடாக்களைக் கட்டி, கையை உள்ளே விட்டு இரண்டு மூலையைப் பிடித்து ஒரே உதறு. அவ்வளவுதான்.

ஸ்வெட்டர் கதை இன்னும் மோசம். துவைத்துக் கொடியில் தொங்கவிடுவேன், ஒவ்வொரு முறையும் ஒரு விரல் நீளம் கூடும். ஊட்டி ஸ்வெட்டர் என்றாலே இப்படித்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

"படுக்கப் போட்டுக் காய வை கண்ணு. ஈரத்தோட தொங்கவுட்டா நீளாம என்ன பண்ணும்?" அப்போது அது என் முழங்காலைத் தொட்டிருந்தது.

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு லேட்டாகத் தெரிந்ததைக் கமெண்டில்... இல்லை, வேண்டாம். இன்று வேண்டாம்.

லாட்ஜில் ஒரு வழக்கம் உண்டு. தீபாவளிக்கு ரூம் எல்லாம் ஃபுல். குடும்பம் இருப்பவர்களுக்கு லீவு, இல்லாதவர்களுக்கு டூட்டி. யாரும் போட்ட ரூல் இல்லை... நானாகவே பேர் கொடுத்துவிடுவேன்.

அக்காவுக்கு வருடா வருடம் லீவுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து மகள் வருவாள், பேரன் வருவான் என்பார். முதல் நாளே ஸ்வீட் பாக்ஸை வாங்கிக்கொண்டு மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார்.

ஒரு வருடம் கிளம்பியவர் என் கவுண்டர் முன்னால் வந்து நின்றார். "நாளைக்கு டூட்டி முடிச்சுட்டு நீ என்ன பண்ணுவ?"

"எனக்கென்னக்கா, டிவி இருக்கு. நீங்க கெளம்புங்க, பொண்ணு வந்து காத்துட்டு இருக்கப் போறா."

கொஞ்சம் முறுக்காகத்தான் சொன்னேன். என் மேல் பரிதாபப்படுகிறார் என்று நினைத்துவிட்டேன். இன்னும் சிறிது நேரம் நின்றார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு போனார்.

இன்று இரண்டு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். ஓனரம்மா கேட்ட முதல் கேள்வி, "சொந்தக்காரங்க நம்பர் ஏதாச்சும் உங்ககிட்ட இருக்குங்களா?"

"மக நம்பர் இல்லீங்களா? தீபாவளிக்குத் தீபாவளி வருவாங்களே..."

"மகளா? இங்க குடி வந்து பதினஞ்சு வருசமாச்சு, ஒருத்தரும் வந்து பாத்ததில்லீங்க. தீபாவளியன்னைக்குக் கதவச் சாத்திட்டுப் படுத்துக்குவாங்க. பலகாரம் கொண்டுட்டுப் போனா, லாட்ஜில டூட்டி பாத்த அசதிம்பாங்க."

லாட்ஜில் எங்களிடம் மகள் வருகிறாள் என்பார். வீட்டில் இவர்களிடம் லாட்ஜில் டூட்டி என்பார்.

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். லாட்ஜில் ரஜாய் உறையை எப்போதும் இரண்டு பேர் சேர்ந்துதான் மாட்டுவார்கள். ஒற்றை ஆளாக மாட்டும் வழி அக்காவுக்கு எதற்குத் தெரிய வேண்டியிருந்தது? ஒரு நாளாவது எனக்குத் தோன்றியதா...

அந்த வீட்டிலிருந்து என் ரூமுக்கு நடந்தால் இருபது நிமிடம். அத்தனை தீபாவளியும் அங்கே அவர் தனியாக, இங்கே நான் தனியாக.

அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. அவர் மேலா, என் மேலா, தெரியவில்லை.

மேனேஜருக்குப் போன் போட்டு இன்று முழுக்க லீவு வேண்டும் என்றேன். புதிதாக வந்தவர், அக்காவைப் பார்த்ததே இல்லை.

"சீசன் டைம்ங்க மேடம்... எதுக்கு லீவு?"

"ஊட்டுல ஒரு சாவுங்க சார்."

"உங்களுக்கு... ஊட்டுல யாருங்க?"

"அக்காங்க."

லீவு கொடுத்துவிட்டார். இருபது வருட வேலையில் குடும்பத்துக்கென்று நான் எடுத்த முதல் லீவு.

நாலு மணிக்கு எடுத்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஓனரம்மா வீட்டு ஆட்களோடு நானும் கடைசிவரை நின்றேன்.

அக்கா... நீங்க கவுண்டர் முன்னால நின்ன அன்னைக்கு, நானும் வரட்டுமான்னு நான் கேட்டிருக்கணும்.

போயிட்டு வாங்க.