எஸ்ஸியின் பேரில் கட்டிய வரி

மான்ட்கோமரியில் மிஸ் லூசில் வீட்டில் ரோசெட்டா இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தாள். அங்கே யாரும் அவளை ரோசெட்டா என்று கூப்பிட்டதில்லை. அவளுக்கு முன்னால் சமைத்தவள் எஸ்ஸி. மகனோடு சிகாகோவுக்குப் போய்விட்டாள். முதல் நாளே மிஸ் லூசில் சொல்லிவிட்டாள்: "புதுப் பேரெல்லாம் எனக்கு நெனவு நிக்காது. உன்னையும் எஸ்ஸின்னே கூப்பிடறேன்."

எங்களைப் போன்ற கறுப்பு வேலைக்காரிகளிடம் வெள்ளைக்காரம்மாக்கள் அப்படித்தான். என்னை ஒருத்தி பதினோரு வருஷம் பியர்ல் என்றாள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு போனேன்.

ஆனால் மிஸ் லூசில் ஒன்றில் ஒழுங்கு. எங்கள் எஜமானிகள் காசைக் கையில் திணித்து அனுப்புவார்கள். அவள் மட்டும் சம்பளத்தில் பென்ஷன் வரியைப் பிடித்து, தன் பங்கையும் போட்டு, அரசாங்கத்துக்குக் கட்டினாள். வேலைக்குப் போகும் பஸ்ஸில் ரோசெட்டாவை நாங்கள் கேலி பண்ணாமல் விடமாட்டோம்.

"முழுச் சம்பளம் கேக்கத் துப்பில்ல உனக்கு."

"சிரிங்கடி. நாளைக்கு எனக்கு பென்ஷன் வரும். நீங்க என் வாசல்ல சூப்புக்கு நிப்பீங்க."

வருஷா வருஷம் எஜமானி தரும் வரிச் சீட்டை உறை பிரிக்காமல் பைபிளுக்குள் வைப்பாள். என்னைப்போல அவளுக்கும் எழுத்து தெரியாது. பிரித்து என்ன செய்ய?

அறுபத்தாறு வயதில் முழங்கால் போய், ரோசெட்டா வேலையை விட்டாள். பென்ஷன் ஆபீசுக்கு நான் கூடப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா எல்லா உறையையும் பிரித்தார்.

"இந்த எஸ்ஸி டேட் யாரும்மா?"

"நான்தாங்க."

"ரோசெட்டான்னு சொன்னீங்களே?"

குமாஸ்தா ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். மிஸ் லூசில் எஸ்ஸி காலத்துப் பழைய தாளைப் பார்த்தே வருஷம் தவறாமல் எழுதியிருக்கிறாள். பேரும் எஸ்ஸியுடையது, நம்பரும் எஸ்ஸியுடையது.

"உங்க பேர்ல ஒரு நாள் வேலைகூடப் பதிவாகல. உங்க முதலாளியம்மா எழுதிக் குடுக்கட்டும், பாக்கலாம்."

அந்த வீட்டுக்குப் போனோம். மிஸ் லூசிலுக்கு அதற்குள் புத்தி கலங்கிப் போயிருந்தது. மகள் மிஸ் கேரலைன்தான் வாசலில் நின்று பேசினாள்.

"அம்மா தப்பா எழுதினாங்கன்னு நான் கையெழுத்துப் போட்டா, வரிக்காரங்க எங்க வீட்டையே கிளறுவாங்க. அது ஆகாது."

"ஒன்றரை வயசுல உனக்குக் குண்டி கழுவினவ இவ," என்றேன். "இவ யாருன்னு உனக்குத் தெரியாதா?"

அவள் முகம் சிவந்தது. என் பக்கம் திரும்பாமல் ரோசெட்டாவிடம் சொன்னாள்: "அம்மாவப் பாத்துக்க ஆள் வேணும். நீ வாயேன்."

"வரேன். ஆனா இந்தத் தடவ தாள்ல என் பேர எழுதணும், மிஸ் கேரலைன். ரோசெட்டா பெட்டவேன்னு, முழுப் பேரா."

"தாள் எதுக்கு? காசக் கையில குடுத்துடறேன். எனக்கும் தலைவலி இல்ல, உனக்கும் சம்பளத்துல பிடித்தம் இல்ல."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "எஸ்ஸி! தண்ணி!"

"போகாதடி," என்றேன்.

"வாடகைய யாரு குடுப்பா, நீயா?"

கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு படி ஏறினாள். முழங்கால் நொடித்தது. நின்று மூச்சு வாங்கினாள்.

"எஸ்ஸி!"

"இதோ வரேம்மா," என்று உள்ளே போனாள்.