நானே வந்து கேட்டாலும்

நாட்டைக் காத்தவர்களுக்குச் சிலை வைப்பது உலக வழக்கம். சிலைக்கு வாள் வேண்டும், குதிரை வேண்டும், குறைந்தபட்சம் எங்கேயோ காட்டுகிற ஒரு கை வேண்டும். கழுத்தில் சாவிக்கொத்தோடு, கணினித் திரையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, வருகிறவனையெல்லாம் முறைக்கும் பெண்மணிக்குச் சிலை வைக்க எந்த நகராட்சியும் முன்வராது. ஆகவே அந்தப் பொறுப்பை இக்கட்டுரை ஏற்கிறது. கல் விலை ஏறிவிட்டதால் காகிதத்தில்.

அவரை எங்கள் தொழிற்சாலையில் எல்லோரும் பூட்டக்கா என்பார்கள். பாட்டிலுக்கு மூடி செய்யும் தொழிற்சாலை அது. தண்ணீர் பாட்டில், மருந்து பாட்டில், எண்ணெய் கேன், எல்லாவற்றுக்கும் மூடி. ஒரு சொட்டு ஒழுகினாலும் வாங்கினவன் லாரியோடு திருப்பி அனுப்பிவிடுவான் என்பதால் முதலாளிக்கு ஒழுகல் என்றால் உயிர் நடுங்கும். ஆனால் வேலை செய்கிற ஆட்களின் விவரம் ஒழுகினால் எவனும் எதையும் திருப்பி அனுப்புவதில்லை. எனவே அந்தப் பக்கத்துக்கு மூடியே போடவில்லை. பூட்டக்காதான் மூடி.

பணியாளர் பிரிவு அவர் பொறுப்பு. வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவரின் அடையாள அட்டை ஜெராக்ஸ், வங்கிக் கணக்கு, வீட்டு முகவரி, இரத்த வகை எல்லாம் அவர் கையில். பாதி இரும்பு அலமாரியில், பாதி கணினியில். பக்கத்து மேசைக் கணக்காளர் தன் பாஸ்வேர்டை மானிட்டரின் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தார். பூட்டக்கா அதைக் கிழித்து அவருடைய டீக்குள் போட்டார்.

"ஏம்மா, என்ன இது!"

"குடிங்க சார். உள்ள போனாத்தான் மறக்காது."

வீட்டிலும் இதே ஆட்சிதான். பார்சல் வந்த அட்டைப்பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரையும் எண்ணையும் நகத்தால் சுரண்டி எடுக்காமல் பழைய பேப்பர்காரரிடம் போட மாட்டார். "உங்க வீட்டுப் பெட்டி மட்டும் ஏம்மா எலி கடிச்ச மாதிரியே வருது?" என்று அவர் கேட்டால், "எடைக்குத்தானே வாங்குறீங்க, படிக்கிறதுக்கா?" என்பார். பஸ் ஓட்டும் கணவர் நண்பர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்: "என் போன்ல என்ன இருக்குன்னு அவளுக்கு மனப்பாடம். அவ போன் என்ன கலருன்னு மட்டும் எனக்குத் தெரியும்."

கிறுக்கு என்று சிரித்தவர்கள் எல்லோருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. அப்போது அதை அறிந்தவர்கள் இரண்டே பேர், பூட்டக்காவும் பேக்கிங் பிரிவில் மூடிகளைப் பையில் அடைக்கும் ஒரு பெண்ணும். பூட்டக்காவுக்கு அவள் தங்கச்சி. கூடப் பிறந்தவள் இல்லை, கூட டீ குடிக்கிறவள். கையை முறித்த புருஷனிடமிருந்து ஒரு சூட்கேஸோடும் மகளோடும் தப்பி வந்து, தொழிற்சாலைக்குப் பின்தெருவில் மாடி அறை ஒன்றில் குடியிருந்தாள். அந்த ஆள் கம்பெனி கம்பெனியாகப் போன் போட்டுத் தேடிக்கொண்டிருந்தான். போன வருடம் இங்கேயும் போட்டான்.

"வங்கியிலேருந்து பேசறோம் மேடம். உங்ககிட்ட வேலை பாக்கற ஒரு பொண்ணோட வீட்டு முகவரியைச் சரிபார்க்கணும்."

"தாராளமா. நீங்க முகவரியைச் சொல்லுங்க. சரியா தப்பான்னு நான் சொல்றேன்."

மறுமுனையில் வங்கி கத்தியது: "அவ என் பொண்டாட்டிடீ!"

"ஓ, வங்கிக்குக் கல்யாணம் வேற ஆயிடுச்சா? அப்படி யாரும் இங்க இல்ல." வைத்துவிட்டார். வைத்ததும் எழுந்துபோய் அலமாரி பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். இதுதான் அந்தக் கிறுக்கு.

இந்த நிலையில் ஒருநாள் முதலாளியிடமிருந்து மெயில் வந்தது. "அன்புள்ள சகோதரிக்கு, நலமா? வீட்டில் அனைவரும் சௌக்கியமா? தயவுசெய்து நம் பணியாளர்கள் எல்லோருடைய முகவரி, கைபேசி எண், அடையாள அட்டை நகல், வங்கி விவரம் ஆகியவற்றை இன்று மாலைக்குள் அனுப்பி உதவவும். மிக்க நன்றி."

பூட்டக்கா அதை இரண்டு முறை படித்தார். பிறகு நேராக முதலாளி அறைக்குப் போனார்.

"சார், இந்த மெயில் நீங்க அனுப்பினதா?"

"எதுக்குக் கேக்கற?"

"தயவுசெய்துன்னு போட்டிருக்கு."

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முகம் சிவந்தது. "நன்றின்னு வேற போட்டிருக்கான்! எவன் அவன், என் பேர்ல?" பிறகுதான் உறைத்தது. "ஏய், இரு. அப்ப நான் தயவுசெய்துன்னு சொல்ல மாட்டேனா? எனக்கு மரியாதை தெரியாதா? வாயில என்ன கொழுக்கட்டையா? பதில் சொல்லு, அறிவு கெட்ட ஜென்மமே!"

"இப்ப சந்தேகம் தீந்துடுச்சு சார். இதுதான் நீங்க."

திருடன் எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தான். கையெழுத்து, பதவி, கம்பெனிச் சின்னம், எதிலும் குறையில்லை. பாவம், எங்கள் முதலாளியை மனிதர் என்று நினைத்துவிட்டான்.

தொழிற்சாலை தப்பியது. தப்பியதும் வழக்கம்போல் முதலாளிதான் அதைத் தப்புவித்தவர் ஆனார். அவருடைய மைத்துனர் ஒருவர் உண்டு. மனை விற்பார், இன்சூரன்ஸ் விற்பார், பேச்சு நின்றால் பேனா விற்பார். கையிலிருந்து போன் இறங்கி யாரும் பார்த்ததில்லை. விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்று நடத்தியே ஆகவேண்டும் என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தார். சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு, "உங்கள் விவரம், உங்கள் உயிர்" என்று பேனர் கட்டினார்கள். பூட்டக்காவைப் போட்டோவுக்காக எல்லோருக்கும் முன்பே கூட்டி வந்து முதல் வரிசை நடுவில் உட்கார வைத்தார்கள். திரும்பிப் பார்க்கவும் விடவில்லை. போட்டோக்காரர் "நேரா பாருங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

முதலாளி அன்று நன்றாகப் பேசினார் என்பதை வரலாறு மறைக்கக் கூடாது. "யார் கேட்டாலும் விவரத்தைக் குடுக்காதீங்க. வங்கின்னு சொல்லுவான், போலீஸ்னு சொல்லுவான். குடுக்காதீங்க. ஏன், நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. எல்லோரையும்விட நீளமாகத் தட்டியவர் மைத்துனர். தட்டுவதற்கு வசதியாக ஒரு கட்டுக் காகிதத்தை அக்குளில் இடுக்கியிருந்தார்.

கூட்டம் கலைந்தபோது தங்கச்சி வந்து நின்றாள். முகத்தில் இரத்தமில்லை.

"அக்கா, வாசல்ல எழுதச் சொன்னாங்க. எழுதினாத்தான் உள்ள விட்டாங்க."

"என்னத்தடி?"

"பேரு, போன் நம்பரு, பிறந்த தேதி, அம்மா பேரு, வீட்டு அட்ரஸ். வருகைப் பதிவாம். மொதலாளி சார் பக்கத்துலயே நின்னாருக்கா. பொய்யா எழுதக் கை வரல."

ஆக, திருடனுக்குக் கிடைக்காததைக் கூட்டம் போட்டு, பேனர் கட்டி, டீ கொடுத்து, வரிசையில் நிற்கவைத்து வாங்கியிருக்கிறார்கள். முகமூடி இல்லை. பொய் மெயில் எழுதும் சிரமமில்லை. கொள்ளையடிப்பவனுக்குப் பறிகொடுத்தவன் கைதட்டிய சம்பவம் உலக வரலாற்றில் அடிக்கடி உண்டு என்றாலும், பிஸ்கட்டோடு நடந்தது இதுவே முதல்முறையாக இருக்கக் கூடும்.

பூட்டக்கா முதலாளி அறைக் கதவைத் தட்டவில்லை. தங்கச்சியும் பேக்கிங் பிரிவில் பாதிப் பேரும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார்கள். உள்ளே மைத்துனர் சோபாவில் சாய்ந்திருந்தார்.

"நல்லவேளை நீயே வந்த," என்றார் முதலாளி. "அலமாரியில இருக்கிற லிஸ்டையும் மாப்ளகிட்ட எடுத்துக் குடு. எல்லாருக்கும் இன்சூரன்ஸ் போடப் போறான். போ, சீக்கிரம்."

தயவு இல்லை, நன்றி இல்லை. ஐயத்துக்கு இடமே இல்லாமல் முதலாளிதான்.

"குடுக்க மாட்டேன் சார்."

"என்னது?"

"நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்கன்னு சொன்னீங்க. கைகூடத் தட்டினோம்."

"அது பேச்சுக்குச் சொன்னதும்மா!"

"நாங்க நெசத்துக்குக் கேட்டோம்." கையை நீட்டினார். "வாசல்ல வாங்கின காகிதத்தைக் குடுங்க."

மைத்துனர் சிரித்துக்கொண்டே கட்டை மேசைமேல் போட்டார். "இந்தாங்க. வெறும் காகிதம்தானே, எதுக்கு இவ்வளவு கோவம்?"

இவ்வளவு சுலபமாகக் கொடுப்பவன் ஏற்கெனவே எடுத்துக்கொண்டவன். "போனைக் காட்டுங்க," என்றார் பூட்டக்கா.

மைத்துனர் சோபாவிலிருந்து எழுந்தேவிட்டார். "போனையா? அதெப்படிம்மா காட்ட முடியும்? அதுல என் சொந்த விஷயமெல்லாம் இருக்கு! அடுத்தவங்க பாக்கலாமா?"

வாசலில் நின்றவர்களில் ஒருத்தி சிரித்தாள். சிரிப்பு மாதிரி இல்லை அது. அதைக் கேட்டு முதலாளியே தரையைப் பார்த்தார். அடையாளம், அந்தரங்கம் என்பதெல்லாம் முதலாளி வீட்டாருக்குத் தெரியாது என்று யாராவது இனிச் சொன்னால் நம்பவேண்டாம். நன்றாகவே தெரியும். தங்களுடையது எது, ஊராருடையது எது என்று பிரித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"காட்டித் தொலை மாப்ள," என்றார் முதலாளி.

எல்லாக் காகிதமும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஊரெங்கும் உள்ள ஏஜென்டுகள் சேர்ந்த குழுவுக்குப் போயிருந்தது. மேலே ஒரு வரி: "சுடச்சுட புது லிஸ்ட், முந்துங்கள்."

"இப்பவே டெலிட் பண்ணிடறேன், சத்தியமா."

"பண்ணுங்க. பார்த்தவன் கண்ணையும் டெலிட் பண்ணிடுவீங்களா?"

அப்போது தங்கச்சியின் போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டாள். "வணக்கம் மேடம்," என்றது தேன் தடவிய குரல். அவள் முழுப்பெயரைச் சொன்னது. தெருவைச் சொன்னது. மாடி என்பதையும் சொன்னது. "உங்க அன்பான குடும்பத்தோட பாதுகாப்புக்காக ஒரு அருமையான திட்டம் வந்திருக்கு மேடம்..."

ஒரு விற்பனைக்காரனுக்குத் தெரிந்தது ஊருக்கே தெரிந்த மாதிரி. ஊரில் ஒருவன் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தான்.

தங்கச்சி அழவில்லை. "அக்கா, பாப்பாவை ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வரணும்," என்றாள். "பெட்டியைக் கட்டணும்."

மூடி ஏற்றிப்போகும் வேனைப் பூட்டக்கா யாரிடமும் கேட்காமல் எடுத்தார். ஓட்டுநரும் ஏனென்று கேட்கவில்லை. மாடி அறையிலிருந்து அடுப்பு, பாய், சூட்கேஸ், மகளின் சைக்கிள் எல்லாம் இறங்கின. அந்தச் சுவரில் அவள் முந்தின வாரம்தான் புதிதாக வெள்ளையடித்திருந்தாள். பூட்டக்கா வாயில் அன்று வந்த வசவுகளை அச்சிட இந்தப் பத்திரிகையின் தாள் தாங்காது. அதில் ஒன்றுகூட அதிகப்படி இல்லை என்று மட்டும் சான்று தருகிறேன்.

பள்ளிக்கூடம் போய் மகளையும் ஏற்றிக்கொண்டு, அலமாரிச் சாவியைக் கணக்காளரிடம் ஒப்படைக்கத் தொழிற்சாலை வாசலில் வேனை நிறுத்தினார்கள். வேலை போய்விடும் என்று பூட்டக்கா முடிவு செய்திருந்தார். ஆனால் முதலாளியே வெளியே ஓடிவந்தார். வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். குரல் மாறியிருந்தது.

"ஏம்மா... சாவி உன்கிட்டயே இருக்கட்டும். நீதான் பாத்துக்கணும். தயவுசெஞ்சு இது வெளியில தெரிய வேண்டாம். பெரிய பெரிய கம்பெனியெல்லாம் நம்மகிட்ட மூடி வாங்குது. நன்றிம்மா, ரொம்ப நன்றி."

பூட்டக்கா அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நீங்க யாரு?"

"என்னம்மா, நான்தான்!"

"தயவுசெஞ்சுன்னு சொல்றீங்க, நன்றிங்கறீங்க. எனக்குச் சந்தேகமா இருக்கே. அடையாள அட்டை இருக்கா?"

முதலாளியின் கை தன்னாலேயே சட்டைப் பைக்குப் போனது. பாதியில் நின்றது.

ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். "எந்தப் பக்கம் போகணுங்கக்கா?"

பூட்டக்கா ஜன்னல் கண்ணாடியை முதலாளியின் விரல் நசுங்காத அளவுக்கு மெதுவாக ஏற்றினார். அது முழுக்க மூடும்வரை பேசவில்லை.

"நேரா போ. சொல்றேன்."