திடீரா, திடோரா?

“…திடீரா, திடோரா? அதை முதல்ல சொல்லு, தம்பி! ரெண்டுல எதுலா?”

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் நின்று இப்படிக் கேட்டவர் பக்கத்து வீட்டு லெச்சுமி அக்கா. ஒரு காலில் மரக்கட்டைச் செருப்பு, மறு கால் வெறுங்கால். இரண்டு கையிலும் சம்பலுக்கு அரைத்த மிளகாய். மூச்சு வேறு வாங்குகிறது.

கேள்வி உங்களுக்கு விளங்கியதா? விளங்கியிருக்காது. இந்த மலாக்காவிலேயே அது விளங்குகிறவர்கள் மொத்தம் நாலு பேர்தான் — லெச்சுமி அக்கா, நான், என் மனைவி கமலா, ஆஸ்பத்திரியில் ஒரு மிஸ்ஸி, அதாவது நர்ஸ். இந்த வாரம் உங்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று உத்தேசம்.

முதலில் அச்சுக் கோப்பவருக்கு ஒரு வேண்டுகோள். ஐயா, ‘திடீர்’ வேறு, ‘திடோர்’ வேறு. முதலாவது நம்ம தமிழ். இரண்டாவது மலாய் — தூக்கம் என்று அர்த்தம். உங்கள் கை தவறி ஒன்றின் இடத்தில் இன்னொன்று விழுந்தால் இந்தப் பத்தியே பாழ். என் வாய் தவறியதில் என்ன ஆனது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

லெச்சுமி அக்கா மலாக்காச் செட்டி. பெயர் தமிழ், கும்பிடுவது மாரியம்மன், தை பிறந்தால் பொங்கல் — ஆனால் பேச்சு முழுக்க மலாய். ‘அக்கா’, ‘தம்பி’ என்று நாலைந்து தமிழ்ச் சொற்கள் மட்டும் லக்சாக் குழம்பில் தவ்ஹூத் துண்டு மாதிரி மேலே மிதக்கும். அவர் மலாயில் சொன்னதையெல்லாம் நான் இங்கே தமிழில் போடுகிறேன். ‘லா’ மட்டும் அவருடையது.

கமலா ஊரிலிருந்து வந்து காஜா பேராங்கில் குடியேறிய புதிது. மூவாரிலிருந்து என் சித்தப்பா மகன் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அக்காவிடம் கமலா சந்தோஷமாகச் சொன்னாள்: “அண்ணன் திடீர்னு வந்துட்டாங்க, அக்கா!”

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அக்கா வருகிறார் — கக்கத்தில் பாய், தோளில் இரண்டு தலையணை! கூடத்து நடுவில் பாயை விரித்தார். தட்டிக் கொடுத்தார். தேநீர் குடித்துக்கொண்டிருந்த என் அண்ணனைப் பார்த்து, “படுங்க. பாவம், தூக்கம் வருதாம்லா,” என்றார்.

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதை தெரிந்த மனிதர். தேநீரை வைத்துவிட்டுப் படுத்தே விட்டார்!

அன்றைக்குச் சிரித்த சிரிப்பு ஒரு வாரம் ஓடியது. பிறகு மறந்துவிட்டோம். மறந்தது நானும் கமலாவும்தான். அக்கா மறக்கவில்லை.

என் மலாயைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பண்டார் ஹிலிர் பக்கம் ஜவுளிக்கடையில் எட்டு வருஷமாகத் துணி கிழிக்கிறேன். நீளம், அகலம், சிவப்பு, பச்சை, சாயம் போகுமா, போகாதா — கேளுங்கள், மலாயில் பொரிந்து தள்ளுவேன். மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்ததும் ஆளாளுக்கு மலாய் வகுப்பு என்று கிளம்பினார்களே… என்னையும் கூப்பிட்டார்கள். “எனக்கு எதுக்குப்பா வகுப்பு? நானே நடத்தலாம்!” என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன வாய் இன்னும் இங்கேதான் இருக்கிறது.

அப்படிச் சொன்னதற்கு அடுத்த புதன்கிழமை காலை. எங்கள் பெண் செல்விக்கு அப்போது ஒன்பது மாதம். விளையாடிக்கொண்டிருந்த குழந்தை வீல் என்று கத்தியது. முழங்காலை மடக்கி வயிற்றோடு இழுத்துக்கொண்டது. முகம் வெளுத்துப் போனது. இரண்டு நிமிஷம். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி துவண்டு கமலாவின் தோளில் தூங்கிவிட்டது.

“பல்லு முளைக்குதுங்க,” என்றாள் கமலா.

கால் மணி நேரம் கழித்து மறுபடியும் வீல். மறுபடியும் முழங்கால். மறுபடியும் தூக்கம். கிரைப் வாட்டர் கொடுத்தோம். அது வெளியே வந்தது. பாலும் வந்தது. நாலாவது தடவை கத்தியபோது கமலா பல்லைப் பற்றிப் பேசவில்லை.

“ஏங்க, இது வேற என்னமோ. கிளம்புங்க.”

பெச்சா சைக்கிள் ரிக்‌ஷாவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். “நீங்க முன்னாடி போங்க. சுடுதண்ணி ஃபிளாஸ்க் எடுத்துட்டுப் பின்னாடியே வர்றேன்லா,” என்றார் லெச்சுமி அக்கா.

வழக்கமாக அங்கே மருந்து கட்டும் தமிழ் டிரஸ்ஸர் அன்று லீவு. மேஜையில் ஒரு மலாய்க்கார மிஸ்ஸி. இளம் பெண், இதமான முகம். “என்ன உடம்புக்கு?” என்று மலாயில் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன்.

நீளம் தெரியும். அகலம் தெரியும். சாயம் போகுமா என்று சொல்லத் தெரியும். என் பிள்ளைக்கு என்ன செய்கிறது என்று சொல்ல ஒரு சொல் இல்லை! எட்டு வருஷம் நான் கற்றது மலாயே இல்லை, துணி மலாய். வயிற்று வலிக்கு ஒரு மலாய் இருக்கிறது, பயத்துக்கு ஒரு மலாய் இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தோன்றியதே கிடையாது. நமக்கு ஒரு பாஷை தெரியும் என்று நாம் சொல்லிக்கொள்வதெல்லாம் எந்த மட்டும்? நம்மை யாரும் புதிதாக ஒன்று கேட்காத மட்டும்தானோ?

“மிஸ்ஸி… குழந்தை… அழுது…” அவ்வளவுதான் மலாயில் வந்தது. மிச்சம் தமிழில் கொட்டியது. “திடீர்! திடீர்!”

மிஸ்ஸி குழந்தையைப் பார்த்தார். குழந்தை அந்த நிமிஷம் கமலாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

“திடோர்?” என்றார்.

“ஆமா! ஆமா! திடீர்!” என்று தலையை ஆட்டினேன் பாருங்கள், கழுத்து சுளுக்காதது அதிசயம்.

மிஸ்ஸிக்கு முகம் மலர்ந்தது. “நல்லது” என்றார். அழுத குழந்தை தூங்குகிறது — நல்லதுதானே? என்னவோ எழுதிக்கொண்டு, பெஞ்சின் கடைசியைக் காட்டினார். எங்களுக்கு முன்னால் பதினைந்து இருபது பேர்.

உட்கார்ந்தோம். செல்வி கத்தினாள். மிஸ்ஸி எழுந்து ஓடி வந்தார். குறை சொல்லக் கூடாது, ஓடித்தான் வந்தார். ஆனால் வந்து சேர்வதற்குள் கத்தல் நின்று குழந்தை துவண்டுவிட்டது. நான் எழுந்து நின்று, “பாருங்க மிஸ்ஸி, திடீர்! திடீர்!” என்று அலறினேன்.

“ஆமாம், ஆமாம், திடோர்,” என்றார் அவர் மெல்ல. பிறகு உதட்டில் விரலை வைத்து எனக்கு ஜாடை காட்டினார் — உஷ்! சத்தம் போடாதே, பிள்ளை எழுந்துவிடும்!

அந்த உஷ் என் காதில் இன்னும் இருக்கிறது.

கமலா அழ ஆரம்பித்துவிட்டாள். “ஒவ்வொரு தடவையும் பிடி தளர்ந்துகிட்டே போகுதுங்க. என் விரலைப் பிடிக்க மாட்டேங்குறா. அவங்ககிட்ட ஒழுங்கா சொல்லுங்களேன்!”

என்னத்தைச் சொல்ல? என்னிடம் இருந்ததே அந்த ஒரு சொல். அதையே திரும்பத் திரும்ப, இன்னும் சத்தமாகச் சொன்னேன். நான் சத்தம் போடப் போட, குழந்தை நன்றாகத் தூங்குகிறது என்ற செய்திதான் அங்கே இன்னும் பலமாகப் போய்ச் சேர்ந்தது.

அப்போதுதான் அக்கா வந்தார். கபாயாச் சட்டை வியர்வையில் நனைந்திருக்க, கையில் ஃபிளாஸ்க். வாசலிலிருந்தே என் “திடீர்” காதில் விழுந்திருக்க வேண்டும். மிஸ்ஸியின் “திடோர்” அடுத்து விழுந்தது. என்னைப் பார்த்தார். மிஸ்ஸியைப் பார்த்தார். ஒரு கணம் நின்றார்.

பாயும் தலையணையும் ஞாபகம் வந்துவிட்டது!

“ஐயோ மிஸ்ஸி! இவங்க திடோர் தூங்குற திடோர் இல்லலா! இது வேற! இதுல படுத்தா முதுகுதான் வலிக்கும், நான் ஏற்கெனவே பாய் போட்டு ஏமாந்தவ!”

மிஸ்ஸிக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? அக்காவுக்கே அந்தச் சொல் தூக்கம் இல்லை என்றுதான் தெரியுமே தவிர, என்னவென்று தெரியாது. ஆனால் காலையிலிருந்து வேலியோரம் நின்று பிள்ளையைப் பார்த்தவர் அவர்.

ஃபிளாஸ்க்கை மேஜைமேல் வைத்தார். பெஞ்சில் ஏறி உட்கார்ந்தார். ஐம்பது வயசுப் பெண்மணி, கொண்டையில் ஊசி, கபாயாவில் வெள்ளிப் பொத்தான்… சாரோங்கோடு முழங்காலை மார்புக்கு இழுத்துக்கொண்டு வீல் என்று ஒரு கத்துக் கத்தினார். கூடமே ஆடிப்போனது. உடனே தலையைத் தொங்கப் போட்டு ஒரு குறட்டை. மறுபடியும் வீல். மறுபடியும் குறட்டை. அதுவரை அழுதுகொண்டிருந்த எல்லாக் குழந்தைகளும் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தன.

உள் அறைக் கதவு திறந்தது. சீன டாக்டர் வந்தார். சிரிக்கவில்லை. அக்காவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “எத்தனை தடவை?”

அக்கா இரண்டு கை விரல்களையும் விரித்தார்.

அடுத்த நிமிஷம் செல்வி உள்ளே இருந்தாள். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், ஓர் இடத்தில் விரல் நின்றது. ஆபரேஷன் என்றார்கள்.

வெளியே காத்திருந்தபோது அக்கா மாரியம்மனிடம் மலாயில் பேசிக்கொண்டே இருந்தார். அம்மனுக்கு மலாய் தெரியுமா என்ற சந்தேகம் அந்த நேரத்திலும் எனக்கு வந்தது. என் மலாயைவிட நன்றாகத் தெரிந்திருக்கும் என்று தைரியப்படுத்திக்கொண்டேன்.

தெரிந்திருந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டது.

பிறகு அந்த டாக்டர் எனக்கும் எட்டுகிற எளிய மலாயில் விளக்கினார். என் தொழில் தெரிந்து சொன்னாரோ என்னவோ, தன் சட்டைக் கையைப் பிடித்து உள்பக்கமாக நுழைத்துக் காட்டினார். குடல் இந்த மாதிரி தனக்குள்ளேயே புகுந்துகொள்ளுமாம். இறுக்கும்போது குழந்தை வீரிடும், விட்டதும் அசந்து தூங்கும். தாமதித்தால் உள்ளே போன துண்டு அழுகிவிடும். “கத்தல் மட்டும் என்றால் ஆயிரம் காரணம் இருக்கும். தூக்கம் மட்டும் என்றால் காரணமே தேட வேண்டாம். கத்தல், தூக்கம், கத்தல், தூக்கம் — அதுதான் அடையாளம். அந்த அம்மா இரண்டையும் செய்து காட்டினார்.”

யோசித்துப் பார்த்தேன். அப்படியென்றால் நான் சொன்ன ‘திடீர்’ சரி. மிஸ்ஸி கேட்ட ‘திடோர்’ அதுவும் சரி! இரண்டும் சேர்ந்தால்தான் நோய். ஆளுக்குப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டியிருக்கிறோம்.

அன்று சாயங்காலம் மிஸ்ஸி வார்டுக்கு வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. “அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து சட்டென்று குதித்துக் காட்ட, அக்காதான் இடையில் நின்று எங்கள் இருவரையும் ஒட்டவைத்தார். மலாயில் அதற்கு ‘திபா-திபா’ என்றார்கள். எனக்கு அதிலும் ஓர் ஆச்சரியம் — வருவது ஒரே தடவை, சொல்லுவது இரண்டு தடவை! மிஸ்ஸி நம்ம சொல்லை ஒரு சீட்டில் ரூமி என்கிற ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டார். தையல் பிரிக்கப் போன அன்று பார்க்கிறேன், அந்தச் சீட்டு மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்தது.

நானும் மலாய் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். கடைசி வரிசை.

இனி போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாகச் செல்வி தொட்டிலில் ஆட்டாமல் தூங்குவதே இல்லை. அன்று மத்தியானம் கையில் கரண்டியைப் பிடித்தபடி தரையிலேயே தானாகத் தூங்கிப் போனாள். கமலாவுக்குத் தாங்கவில்லை. புதிதாகக் கற்ற மலாயையும் காட்ட வேண்டாமா? வேலிப் பக்கம் ஓடிக் கத்தியிருக்கிறாள்: “அக்கா! பாப்பா திடீர்னு திடோர்!”

அதற்குத்தான் அக்கா அம்மியை விட்டு, ஒரு செருப்பை விட்டு, ஓடி வந்து வாசலில் நின்றது. திடீரா, திடோரா?

“ரெண்டும்தான் அக்கா,” என்றேன் நான், சிரித்துக்கொண்டே.

இந்த வாயை என்ன செய்வது?

அக்காவின் முகத்தில் ரத்தம் இல்லை. என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போனார். மிளகாய்க் கையைப் பிள்ளைமேல் படாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மண்டியிட்டுக் குனிந்து, செல்வியின் வயிற்றில் காதை வைத்தார். முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் மடங்கவில்லை. கரண்டி கையிலிருந்து நழுவி விழுந்தது. பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டுக் காலை நீட்டிப் புரண்டு படுத்தது.

அக்காவும் ஒரு பெருமூச்சு விட்டார். அப்படியே அதன் பக்கத்தில், வெறும் தரையில், சாய்ந்தார். நான் பாயும் தலையணையும் எடுத்துக்கொண்டு வருவதற்குள் — குறட்டை.