விருத்தாசலத்தில் நான் கேட்ட ஃபியூஸ்

சென்ற ஆண்டு தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, விருத்தாசலத்துக்குள் நுழையும் சாலையில் என் கார் நின்றுவிட்டது. முப்பது ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறவள் என்பதால் நேரத்தைச் சரியாகச் சொல்ல முடிகிறது.

ஐம்பத்தொரு வயதில் நான் தனியாகக் கார் ஓட்டிச் சென்ற முதல் பயணம் அது. புதுச்சேரியிலிருந்து கிளம்பி விருத்தாசலம், ஸ்ரீமுஷ்ணம், திட்டக்குடி என்று மூன்று நாள். கார் அண்ணனுடையது. "வழியில எங்கனா நின்னுபோச்சுன்னா போன் பண்ணு, நான் வந்து ஓட்டிட்டு வரேன். அதோட இந்தத் தனியா போற ஆசைய மூட்ட கட்டி வச்சிடணும்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். யாரிடமும் உதவி கேட்க நேராதபடி நாற்பத்திரண்டு பொருள்களைப் பட்டியல் போட்டு எடுத்து வைத்திருந்தேன். நைலான் கயிறுகூட இருந்தது.

சாவியைத் திருப்பினால் கரகரத்தது, இன்ஜின் கிளம்பவில்லை. ஷேர் ஆட்டோ ஓட்டி வந்தவர் நிறுத்திப் பார்த்தார். "ஃபியூஸு போயிருக்கும்மா. ஒன்னு வாங்கி மாட்டுனா ஓடிடும்" என்றார். ஆட்கள் காத்திருந்ததால் போய்விட்டார். அண்ணனின் எண் வரை போய், அழுத்தாமல் போனைப் பைக்குள் வைத்தேன்.

சற்றுத் தள்ளி ஒரு டீக்கடை. "இங்கே ஃபியூஸ் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டேன். கடைக்கார அம்மா டீ ஆற்றுவதையே நிறுத்திவிட்டார்.

"நல்லா கேட்டீங்க போங்க! விருத்தாசலத்துல நின்னுகிட்டு ஃபியூஸு எங்க கெடைக்கும்னு கேக்குறீங்களே. எங்கூரு ஃபியூஸு இல்லாத வூடு இருக்குதா?"

உடனே கணவரைக் கூப்பிட்டு என்னை அழைத்துப் போகச் சொன்னார். அவருடைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போய் இறங்கினால், அது ஒரு செராமிக் பட்டறை. வீட்டு மீட்டர் பெட்டியில் மாட்டும் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ்களைப் பெண்கள் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எத்தன டஜன் வோணும்?"

அப்போதுதான் உறைத்தது. எதையும் துல்லியமாகச் சொல்கிறவள் என்று பெயர் எடுத்த நான், 'காருக்கு' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டேன். மெல்லச் சொன்னேன். பட்டறையே சிரித்தது.

"காருக்கு கரண்டு மீட்டரு வச்சிருக்கீங்களாக்கா?" என்றார் ஒருவர்.

"எங்க வூட்ல ஊரு பெருமை பேசுனா நிறுத்தாது. என்னையும் சேத்து அலைய வுட்ருச்சு" என்று டீக்கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. பட்டறைச் சரக்கை லோடு ஆட்டோவில் ஏற்றிப்போகும் பெண் ஒருவர் அதைக் கவனித்துவிட்டார். முப்பது வயது இருக்கும். திட்டக்குடி வரை போகவிருப்பதையும் அண்ணன் போட்ட நிபந்தனையையும், முன்பின் தெரியாத அவரிடம் சொல்லிவிட்டேன்.

"கூப்புடாதீங்க. நான் மொத தபா வண்டி எடுத்தப்ப எங்க வூட்லயும் இதே பேச்சுதான். ஏறுங்க."

கிளம்பும்போது வயதில் மூத்த ஒருவர் பீங்கான் ஃபியூஸ் ஒன்றை என் கையில் திணித்தார். "கேட்டு வந்துட்டீங்க. வெறுங்கையா போவக் கூடாது."

கார் நின்ற இடத்துக்கு வந்ததும், லோடு ஆட்டோப் பெண் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றிக் காட்டினார். மூடியின் உட்புறத்தில் மூன்று சின்ன ஃபியூஸ்கள் செருகியிருந்தன. "ஸ்பேரு ஒங்க வண்டியிலியே இருக்குது. இதுக்கா ஊர சுத்துனீங்க?"

ஆனால் அவர் மாட்டித் தரவில்லை. "நீங்களே மாட்டுங்க. திட்டக்குடியில போனா நான் வர மாட்டேன்." கருகியதைப் பிடுங்கி, புதியதை நானே செருகினேன். பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு இன்ஜின் உறுமியது. அவர் ஹாரன் அடித்துவிட்டுத் தன் வழியே போனார். மூன்று நாள் பயணத்தை முடித்து நானே ஓட்டிக்கொண்டு வீடு சேர்ந்தேன்.

இப்போது என் பட்டியலில் நாற்பத்து மூன்று பொருள்கள். கடைசியில் எழுதியிருப்பது அந்தப் பீங்கான் ஃபியூஸ். காரில் அதை எங்கேயும் மாட்ட முடியாது என்று அண்ணன் இன்னும் கேலி செய்கிறார். ஆனால், மூடிக்குள் ஸ்பேர் இருந்தது அன்று எனக்கு முன்பே தெரிந்திருந்தால், விருத்தாசலத்தில் எனக்கு இன்றுவரை ஒருவரையும் தெரிந்திருக்காது.