மூட்டை தூக்க வந்தவன்

சீமோன் பியர் குடிப்பதில்லை. இரத்தத்தில் சீனி கூடிச் சலரோகம் வந்ததிலிருந்து டொக்டர் சொன்னதை அப்படியே கேட்டு நடந்தவன். அப்படியிருந்தும் நாலு வருடமாக, இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை, டோர்செட் பார்க்கில் தன் அடுக்குமாடி வீட்டிலிருந்து பஸ் பிடித்து வோபர்னில் என் வீட்டு நிலத்தடி பேஸ்மென்றுக்கு வந்துகொண்டிருந்தான். நான் பியர் காய்ச்ச ஒரு கை கொடுப்பதற்காக.

முளைகட்டிய பார்லியைத் துணியில் மூட்டையாகக் கட்டிச் சுடுநீர் அண்டாவில் ஊறவிட வேண்டும். பிறகு மூட்டையைத் தூக்கி, சாறு வடியும்வரை அண்டாவுக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஊறிய மூட்டை கொல்லும் பாரம். ஆளுக்கொரு பக்கம் பிடிப்போம். அந்தப் பத்து நிமிடத்தில்தான் சீமோன் வாய் திறப்பான். பேக்கரி வேலையிலிருந்து அவனை நிற்பாட்டியது, மனைவி கிளடிஸ் தவறிப்போனபிறகு சமைக்க மனம் வராதது, கல்கரியில் இருக்கும் மகள் ஷாமிலாவின் கதை, எல்லாம் மூட்டை வடியும்போது நான் அறிந்தவை. வடிந்து முடிந்தால் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவான்.

போன மாரியில் எனக்கு முதுகில் டிஸ்க் விலகியது. நான் சும்மா இருக்கிற ஆளா? மேலே மரச் சட்டத்தில் ஒரு கப்பி பூட்டினேன். கயிற்றை இழுத்துக் கட்டினால் மூட்டை தன்பாட்டில் தொங்கி வடியும். அண்டாவிலிருந்து அண்டாவுக்குச் சாறு மாற்ற ஒரு சின்னப் பம்ப். தெரிந்தவர்களுக்கெல்லாம் படம் அனுப்பினேன். அவ்வளவு பெருமை.

அந்த வெள்ளிக்கிழமை சீமோன் போனில் கூப்பிட்டான்.

"இக்னேசியஸ் அண்ணை, நாளைக்கு எத்தினை மணிக்கு வாறது?"

"இனி நீ பஸ்ஸில அலையத் தேவையில்லையடா. கப்பி பூட்டிட்டன்."

"அது நல்லது அண்ணை," என்றான்.

"சாப்பிடவாவது கூப்பிடுங்கோவன்," என்று என் மனைவி ஜோசப்பின் இரண்டு தரம் சொன்னாள். வேலையில்லாமல் கூப்பிட்டால் அவன் கூச்சப்படுவான் என்றேன். பொய். எனக்குப் பஞ்சியாக இருந்தது, வெறும் சோம்பல், வேறொன்றுமில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை ஷாமிலா அழைத்தாள். தகப்பன் போன் எடுக்கவில்லை என்று கட்டட மனேஜரைக் கொண்டு கதவைத் திறப்பித்திருக்கிறாள். மாரடைப்பு. சனிக்கிழமையே உயிர் போய்விட்டதாம். ஐந்து நாள் தனியாகக் கிடந்திருக்கிறான்.

"வெள்ளி பின்னேரமும் அப்பா கதைச்சவர், அங்கிள். நாளைக்கு உங்கட வீட்டை போகோணும், தான் இல்லாட்டி உங்களுக்கு மூட்டை தூக்க ஏலாது எண்டு சொன்னவர். எப்பவும் அப்பிடித்தான் சொல்லுவார்." விம்மலை அடக்கிக்கொண்டு கேட்டாள். "சனிக்கிழமை ஆளைக் காணேல்லை எண்டவுடன நீங்கள் ஒரு கோல் எடுத்துப் பாத்திருக்கலாமே?"

இரண்டு மாதமாக அவன் என் வாசலை மிதிக்கவேயில்லை என்று அந்தப் பிள்ளைக்கு எந்த வாயால் சொல்வது?

"மறந்துபோனன் பிள்ளை," என்றேன்.